தமிழ் அலமாரி ஏன் சுருங்குகிறது? நூலகத்தில் நாம் செய்கிற தவறுகள்

மலேசியாவின் கோல சிலாங்கூர் வட்டாரத்தில், சுற்றிலும் செம்பனை நிற்கிற ஒரு சிறு பட்டணத்தில் குடியிருக்கிறேன். மாரியம்மன் கோயில், தமிழ்ப்பள்ளி, இரண்டு வரிசைக் கடைகள், வாரம் ஒருநாள் இரவுச் சந்தை, அதைத் தாண்டினால் பொது நூலகம். உள்ளே குளிர்சாதனம், வைஃபை, கணினிகள், சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஒரு மூலை. தமிழுக்கு ஓர் அலமாரி. முன்பு மூன்று தட்டு, இப்போது இரண்டு.

வேண்டுமென்றே குறைக்கிறார்கள் என்று கோப்பிக் கடையில் பேசிக்கொள்வோம். நானும் சேர்ந்துதான் பேசினேன். நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற உறவுக்கார அக்கா ஒருவர் ஒரு கல்யாண வீட்டில் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். "நீங்க எடுக்கிறதே இல்லையே தம்பி. எடுத்தாலும் எங்களுக்குத் தெரியாத மாதிரியில்ல எடுக்கிறீங்க!" அதன் பிறகு அவரை விடாமல் கேட்டுத் தெரிந்துகொண்டதும், நானே பட்டுத் தெரிந்துகொண்டதும் கீழே.

படித்த புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைப்பது

நல்ல பழக்கம் என்று நினைத்துச் செய்வது இது. பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். ஆனால் நூலகத்தில் ஒரு புத்தகம் பயன்படுகிறதா என்று இரண்டு வழியில் கணக்கெடுப்பார்கள். ஒன்று, இரவல் எடுக்கும்போது முகப்பில் பதிவாவது. இன்னொன்று, மேசையிலும் தள்ளுவண்டியிலும் வாசகர்கள் விட்டுப்போனவற்றை எண்ணி எழுதுவது. மதியம் முழுக்க ஒரு நாவலைப் படித்துவிட்டு நீங்களே அலமாரியில் செருகிவிட்டால், அன்று அதை யாரும் தொடவில்லை என்றுதான் கணக்கு சொல்லும். பல ஆண்டுகள் யாரும் தொடாத புத்தகத்தைக் களையெடுப்பது உலகம் முழுக்க நூலகங்களின் வழக்கம். இடம் குறைவு, புதிது வர வேண்டும். அந்தக் களையெடுப்பில்தான் மூன்றாவது தட்டு போனது.

தப்பான இடத்தில் வைத்தால் நிலைமை இன்னும் மோசம். புத்தகத்தின் முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் பார்த்திருப்பீர்கள். நூல்களைப் பொருள்வாரியாகப் பிரிக்கும் டூயி வகைப்பாட்டில் 894.811 தமிழ் இலக்கியம், 494.811 தமிழ் மொழி, 641 சமையல். ஒரு சிறுகதைத் தொகுப்பு 641-க்குள் போய் ஒளிந்துகொண்டால், தமிழ் தெரியாத ஊழியருக்கு அதைக் கண்டுபிடிக்க அந்தச் சின்ன ஒட்டுத்தாளை விட்டால் வேறு வழி கிடையாது. ஒட்டுத்தாள் உரிந்திருந்தால் முகப்பில் காட்டிவிடுங்கள். படித்ததை மேசையிலேயே விட்டுவிடுங்கள். கூச்சமாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

கிழிந்த பக்கத்தை வீட்டில் செல்லோடேப் போட்டு ஒட்டித் தருவதும் இதே ரகம். கொஞ்ச நாளில் அந்த ஒட்டு மஞ்சளாகி, பசை கசிந்து, பக்கத்துத் தாளையும் பிடித்துக்கொள்ளும். கிழிந்ததைக் கிழிந்தபடியே கொடுத்துச் சொல்லிவிடுவது மேல்.

குடும்பத்துக்கே ஒரு கார்டு

அப்பா பெயரில் ஒரு கார்டு இருக்கும். அதில்தான் வீடே புத்தகம் எடுக்கும். மூன்று பிள்ளைகள் படிக்கிற வீடு, கணக்கில் ஒரே வாசகர். ஒருவருக்கு இத்தனைதான் என்ற வரம்பிலேயே எல்லாரும் முட்டிக்கொள்ளவும் வேண்டும். 12 வயது ஆகாத பிள்ளைக்கு மைகிட் என்ற சிறுவர் அடையாள அட்டை, பெற்றோரின் ஐ.சி. (அடையாள அட்டை) இரண்டையும் எடுத்துக்கொண்டு போனால் பெரும்பாலும் அன்றைக்கே வேலை முடிந்துவிடும். பக்கத்துப் பட்டணக் கிளையிலும் அதே கார்டு செல்லுமா என்று அப்போதே கேட்டு வையுங்கள்.

தவணை தாண்டிவிட்டது என்ற பயத்தில் நூலகப் பக்கமே போகாதவர்கள் தோட்டத்தில் ஒவ்வொரு லயத்திலும் இருந்தார்கள், இப்போது ஒவ்வொரு தாமானிலும் (வீடமைப்புப் பகுதியிலும்) இருக்கிறார்கள். அபராதம் நாளுக்குச் சில காசுதான். புத்தகத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து விஷயத்தைச் சொன்னால் யாரும் கடித்துவிடப் போவதில்லை.

தமிழில் தேடிவிட்டு, இல்லை என்று திரும்புவது

நான் பல ஆண்டுகள் செய்த தவறு. கணினிப் பட்டியலில் தமிழ் எழுத்தில் தட்டுவேன், ஒன்றும் வராது, கிளம்பிவிடுவேன். பல நூலகங்களில் தமிழ்த் தலைப்புகள் ரோமன் எழுத்தில்தான் ஏறியிருக்கின்றன. அதுவும் நாம் வாட்சாப்பில் எழுதுகிற மாதிரி இருக்காது. சிறுகதை என்பதற்கு நாம் எஸ் போட்டுத் தொடங்குவோம். நூலகர்கள் பின்பற்றும் எழுத்துப்பெயர்ப்பு முறையில் அது ஆங்கில 'சி'யில் தொடங்கும், கடைசி 'தை'யில் எச் வராது. ஆகவே இரண்டு மூன்று விதமாகத் தட்டிப் பாருங்கள். நூலாசிரியர் பெயரிலும் இதே சிக்கல் உண்டு.

இதற்குக் குறுக்குவழி, ஒவ்வொரு நூலுக்கும் தனியாகத் தரப்படும் ஐ.எஸ்.பி.என். எண். எழுத்துக்கூட்டல் தொல்லையே இல்லை. 978-க்குப் பிறகு 967 அல்லது 983 வந்தால் மலேசிய வெளியீடு, 81 அல்லது 93 வந்தால் இந்திய வெளியீடு. அதுவும் கைகொடுக்கவில்லை என்றால் முகப்பில் போய், "புவான், புக்கு தமிழ் அடா தாக்?" (அம்மா, தமிழ்ப் புத்தகம் இருக்கிறதா?) என்று கேட்டுவிடுங்கள். மலாய் தடுமாறினாலும் கேளுங்கள். இப்படிக் கேட்டபோதுதான், புதிதாக வந்த ஒரு கட்டுத் தமிழ் நூல்கள் இன்னும் பதிவேறாமல் உள்ளறையில் கிடப்பது எனக்குத் தெரிந்தது.

கணினியை வீட்டுக் கணினிபோல நினைப்பது

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கே நஷ்டம் நமக்கு. அரசாங்கத்தின் எஸ்.டி.ஆர். உதவித்தொகை, ஐந்தாம் படிவ எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளையின் யு.பி.யு. என்ற பல்கலைக்கழக விண்ணப்பம் எல்லாம் இணையத்துக்குப் போய்விட்டன. கைப்பேசியின் சின்னத் திரையில் நொந்துபோனவர்கள் நூலகத்துக்கு வருகிறார்கள். நல்லதுதான். ஆனால் ஒருமுறை, எந்த ஊர் நூலகம் என்று சொல்ல வேண்டாம், என் மகனின் சான்றிதழை அச்செடுக்க உட்கார்ந்தேன். டவுன்லோட்ஸ் கோப்புறையைத் திறந்தால் ஐ.சி. நகல்கள், சம்பளச் சீட்டுகள், ஒரு வங்கிக் கணக்கு அறிக்கை. அதில் ஒருவர் எங்கள் கோயில் திருவிழாவில் பந்தல் போடுகிறவர். மோசடிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

உலாவியில் தனிப்பட்ட சாளரம் ஒன்றைத் திறந்து வேலையைத் தொடங்குங்கள். கடவுச்சொல்லைச் சேமிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். முடித்ததும் இறக்கிய கோப்புகளை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்து, மின்னஞ்சலிலிருந்து வெளியேறுங்கள். ஆவணத்தை வாட்சாப் வெப் வழியாக இறக்கியிருந்தால் அதிலிருந்தும் வெளியேற வேண்டும். திரையை மூடினால் போதாது, அடுத்து உட்காருகிறவருக்கு உங்கள் உரையாடல் அப்படியே திறந்து நிற்கலாம். மறந்துவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வீட்டிலிருந்தே, கைப்பேசி வாட்சாப்பில் 'லிங்க்ட் டிவைசஸ்' என்ற இடத்துக்குப் போய் அந்தக் கணினியைத் துண்டித்துவிடலாம். ஊழியர் உதவிக்கு வந்தால் வழி காட்டச் சொல்லுங்கள். கடவுச்சொல்லையும் கைப்பேசிக்கு வரும் டேக் என்ற ஒருமுறை எண்ணையும் நீங்களே தட்டுங்கள். அவரை நம்பாததால் சொல்லவில்லை, நாளை ஏதாவது ஆனால் பழி அவர் தலையில் விழும்.

அப்புறம், நகல் இயந்திரத்தின் கண்ணாடியில் ஐ.சி.யை விட்டுவிட்டு மோட்டாரை முடுக்கிக்கொண்டு போகிறவர்கள். மூடியைத் திறந்து பார்த்துவிட்டுப் போங்களேன்! பயிற்சி நூலை முழுசாக நகல் எடுத்துத் தரச் சொல்வதும் வேண்டாம், 1987-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் அங்கே குறுக்கே நிற்கும்.

நன்கொடை என்ற பெயரில் வீட்டைக் காலி செய்வது

ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வை 2021-இல் ரத்து செய்தார்கள், மூன்றாம் படிவ பி.டி.3-ஐ 2022-இல் ரத்து செய்தார்கள். அந்தத் தேர்வுகளுக்கான பயிற்சி நூல்கள், பாதி விடை எழுதியவை, இன்னமும் நன்கொடையாக நூலகத்துக்கு வருகின்றன. தோட்டத்து வீட்டிலிருந்து தாமானுக்கு மாறும்போது கிடைத்த பெட்டியை அப்படியே கொண்டுவந்து இறக்குகிறவர்களும் உண்டு. நம் ஈரப்பதத்தில் பூஞ்சை பிடித்த ஒரு புத்தகம் போதும், பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடும். கரையான் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. முதலில் பட்டியல் எழுதிக் காட்டுங்கள், வேண்டும் என்பதை மட்டும் கொடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், உண்மையில் மதிப்புள்ளதைத்தான் பழைய பேப்பர்காரரிடம் போடுகிறோம். கோயில் கும்பாபிஷேக மலர், தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியின் ஆண்டு மலர், 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழின் பழைய இதழ்கள். பள்ளி வயதுப் பிள்ளைகள் 10 பேர் இருந்தாலே தோட்ட நிர்வாகம் பள்ளி வைத்துத் தர வேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. அப்படிப் பிறந்த பள்ளிகளில் எத்தனையோ இன்று தோட்டத்தோடு சேர்ந்து மறைந்துவிட்டன. அவற்றின் பெயர் எங்கேயாவது அச்சில் இருக்கிறது என்றால் இந்த மாதிரி மலர்களில்தான். இவற்றைக் கிளை நூலகத்தில் கொடுப்பதைவிட, மாநில நூலகத்திலோ கோலாலம்பூர் தேசிய நூலகத்திலோ கேட்டுப் பாருங்கள்.

எழுதுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 1986-ஆம் ஆண்டு நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டப்படி, மலேசியாவில் அச்சாகும் நூலின் 5 படிகளைத் தேசிய நூலகத்திடம் சேர்க்க வேண்டும். மண்டபத்தில் வெளியீடு, பொன்னாடை, மொய்போல உறை, மிச்சப் படிகள் கட்டிலுக்கு அடியில் என்று முடித்துக்கொண்டால் அந்த நூல் எந்தப் பட்டியலிலும் ஏறாது.

கடைசி நேரத்தில் போய்ப் பூட்டிய கதவைப் பார்ப்பது

வார விடுமுறை மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஜொகூர் 2025 தொடக்கத்திலிருந்து சனி ஞாயிறு விடுமுறைக்குத் திரும்பிவிட்டது. கெடா, கிளந்தான், திரங்கானுவில் வெள்ளியும் சனியும். மாநிலம் தாண்டிப் போகிறவர்கள் முதலில் ஒரு போன் போடுங்கள்.

பரிந்துரைப் பாரம் (படிவம்) நிரப்பாமல் இருப்பது

புத்தகம் இல்லை என்று முகநூலில் எழுதுவோம், முகப்பில் கிடக்கும் பாரத்தில் எழுத மாட்டோம். அந்தப் பாரம் ஒரு கோப்பில் போய்ச் சேரும், அடுத்த ஆண்டு வாங்கும்போது அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். "நல்ல தமிழ் நூல்கள் வாங்கவும்" என்று பொதுவாக எழுதினால் தமிழ் தெரியாத அதிகாரி எதைத் தேடுவார்? நூல், ஆசிரியர், பதிப்பகம், ஐ.எஸ்.பி.என்., விலை எத்தனை வெள்ளி (ரிங்கிட்), இங்கே எந்தக் கடையில் கிடைக்கும், இவ்வளவையும் மலாயில் எழுதுங்கள். ஐம்பது கையெழுத்துப் போட்ட ஒரு மகஜரைவிட ஐந்து பேர் தனித்தனியாக நிரப்பிய பாரம் எடுபடும் என்பது அக்காவின் அனுபவம். நடமாடும் நூலக வண்டி தோட்டத்துப் பக்கம் வர வேண்டுமென்றால், பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பெயரில் தனிக் கடிதம் கொடுத்துப் பாருங்கள்.

பாரத்தில் காரணம் என்று ஒரு கட்டம் இருந்தால் அதைக் காலியாக விடாதீர்கள். நான் போன மாதம் எழுதியது இதுதான்: "எங்கள் தாமானில் எஸ்.பி.எம். தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் 4 பேர் இருக்கிறார்கள். நால்வரும் உறுப்பினர்கள்." கடைசி வாக்கியத்தைப் படித்ததும் முகப்பிலிருந்த புவான் கணினியில் நான்கு பெயரையும் தேடிப் பார்த்தார். நல்லவேளையாக, முந்தைய சனிக்கிழமைதான் நால்வரையும் அழைத்துப்போய்க் கார்டு எடுத்திருந்தேன்.