நாய் கடித்தால் முதல் 15 நிமிடம்

வன்னியில் தெருநாய்க்குக் குறைவில்லை, பள்ளிக்கூடம் விட்டு சைக்கிளில் வரும் பிள்ளைகளையும் துரத்தும். கடித்துவிட்டதா? கோப்பித்தூள், மஞ்சள் எதையும் அப்பாதீர்கள். நேரே கிணற்றடிக்குக் கூட்டிப்போய், ஒருவர் வாளியால் தண்ணீர் ஊற்ற மற்றவர் சவர்க்காரம் போட்டு, பல் இறங்கிய குழிக்குள்ளும் நுரை போகிற மாதிரிக் கழுவுங்கள். பிள்ளை அழுதாலும் 15 நிமிடம் விடாதீர்கள். விசர்நாய் நோயை (ரேபிஸ்) உண்டாக்கும் வைரசைச் சுற்றிக் கொழுப்பு உறை இருக்கிறது, அதைச் சவர்க்காரம் சிதைத்துவிடும்.

சரி, அடுத்தது அன்றைக்கே அரச வைத்தியசாலை. நாய்க்கு என்ன ஆகிறதென்று பார்த்துக்கொண்டு வீட்டில் இருக்க வேண்டாம். வைரஸ் நரம்பு வழியே மெதுவாகத்தான் மூளைக்குப் போகும், அதற்குள் உடம்பைத் தயார்ப்படுத்திவிடுவதுதான் தடுப்பூசியின் வேலை. பிரெஞ்சு விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1885 ஜூலை 6 அன்று, விசர்நாய் கடித்த ஜோசப் மைஸ்டர் என்ற 9 வயதுப் பையனுக்கு, நோயுற்ற முயலின் முள்ளந்தண்டு வடத்தை உலர்த்தித் தயாரித்த மருந்தை ஏற்றத் தொடங்கினார். மொத்தம் 13 ஊசி, பையன் பிழைத்தான். அந்த வைரசை பாஸ்டர் கண்ணால் கண்டதே இல்லை!

முகத்திலோ கழுத்திலோ கடி என்றால் இன்னும் அவசரம், மூளை கிட்ட. அறிகுறி வந்த பிறகு அநேகமாக ஒன்றும் செய்ய முடியாது, அதனால் டொக்டர் எழுதித்தந்த திகதிகளில் ஒரு ஊசியையும் தவறவிடாதீர்கள்.