வெளிநாட்டுக் கிளி வாங்கப் போகிறீர்களா? அனுமதியிலிருந்து தனிக்கூண்டு வரை

சன் கோன்யூர் கிளி ஒன்று வாங்கலாமா, வெளிநாட்டிலிருந்து நேரடியாக வரவழைக்க முடியுமா என்று கேட்பவர்களிடம் நான் முதலில் பேசுவது விலையைப் பற்றியோ தீனியைப் பற்றியோ அல்ல, நோயைப் பற்றித்தான். உடம்பு சரியில்லாததைப் பறவை கடைசி நேரம் வரை வெளியே காட்டாது. சோர்ந்து உட்கார்ந்திருப்பதைத்தான் வல்லூறு முதலில் தூக்கும் என்பதால் மறைப்பது அதன் இயல்பு. 2004 அக்டோபரில் பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தில், தாய்லாந்திலிருந்து வந்த ஒருவரின் கைப்பையில் இரண்டு கழுகுகள் சிக்கின. துணியில் சுற்றி, பிரம்புக் குழாயில் செருகி வைத்திருந்தார். நோய்க்குறி எதுவும் இல்லை. சோதித்துப் பார்த்தால் இரண்டிலும் எச்5என்1 பறவைக் காய்ச்சல்.

படி 1: இனம் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நம் ஊர்க் கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று விற்பது பெரும்பாலும் பட்ஜரிகர் என்ற வேறொரு சின்னக் கிளி. கடைக்காரர் சொல்லும் பெயரை நம்பி எந்தச் சட்டத்தையும் தேட முடியாது, அறிவியல் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அது, அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் பன்னாட்டு வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் எந்தப் பட்டியலில் வருகிறது என்று பாருங்கள். கிளி இனங்கள் அநேகமாக எல்லாமே அதில் உண்டு. பட்ஜரிகர், காக்கட்டீல், ரோஜா முக லவ் பேர்ட், நம் பச்சைக்கிளி ஆகியவை மட்டும் விலக்கு. சன் கோன்யூர் இரண்டாம் பட்டியல், அதாவது அனுமதிக் காகிதம் இருந்தால்தான் நாடு தாண்ட முடியும். ஆப்பிரிக்க சாம்பல் கிளி 2017 ஜனவரியிலிருந்து முதல் பட்டியல், அதாவது காட்டில் பிடித்ததை வியாபாரத்துக்காக நாடு தாண்டிக் கொண்டுபோகவே கூடாது. பச்சைக்கிளிக்கு விலக்கு இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், இந்திய வனவிலங்குச் சட்டப்படி அதைக் கூண்டில் வைப்பதே குற்றம்.

படி 2: உள்ளூரில் கிடைக்குமா என்று பாருங்கள்

முதல் முறை வளர்ப்பவர் என்றால் இங்கேயே குஞ்சு பொரித்து வளர்ப்பவரிடம் வாங்குங்கள் என்பதுதான் என் கருத்து. அவரிடம் ஒரே ஒரு கேள்வி போதும்: "பரிவேஷ் பதிவு இருக்கிறதா?" 2022-இல் திருத்திய வனவிலங்குச் சட்டத்தின் நான்காம் அட்டவணையில் சைட்டிஸ் இனங்கள் வந்துவிட்டன. 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி அவற்றை வைத்திருப்பவர் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் 2.0 இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும். உங்கள் கைக்கு வந்தால் 30 நாளுக்குள் நீங்களும் பதிய வேண்டும். கேட்டதும் பேச்சை மாற்றுகிறார் என்றால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

படி 3: வெளிநாட்டிலிருந்துதான் என்றால், முதலில் காகிதம்

முன்பணம் கொடுத்துவிட்டு அப்புறம் அனுமதிக்கு அலைவதுதான் பலர் செய்யும் தவறு. மாநிலத் தலைமை வன உயிரினக் காப்பாளரிடம் தடையில்லாச் சான்று, அதை வைத்து வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்ககத்தின் இறக்குமதி உரிமம், மத்திய கால்நடைத் துறையிடம் சுகாதார இறக்குமதி அனுமதி. இவையெல்லாம் கைக்கு வந்த பிறகுதான் பணம். அனுப்பும் நாட்டிலிருந்து சைட்டிஸ் ஏற்றுமதி அனுமதியும், அங்குள்ள அரசு கால்நடை மருத்துவர் கையெழுத்திட்ட உடல்நலச் சான்றும் வர வேண்டும். அந்த நாட்டில் அப்போது பறவைக் காய்ச்சல் இருக்கிறதா என்பதையும் உலக விலங்கு சுகாதார அமைப்பின் தளத்தில் பார்த்துவிடுங்கள். இருந்தால் உங்கள் காகிதம் எவ்வளவு சரியாக இருந்தாலும் பறவைக்கு அனுமதி கிடைப்பது கஷ்டம்.

படி 4: பெட்டியும் பயணமும்

விமானத்தில் உயிரினங்களை ஏற்ற, விமான நிறுவனங்களின் சர்வதேசச் சங்கமான ஐயாட்டாவின் விதிகள் உண்டு. காற்றோட்டம், உட்காரக் கம்பு, தண்ணீர்க் கிண்ணம் என்று இனவாரியாகப் பெட்டியின் அமைப்பே அதில் இருக்கிறது. நெரிசலும் பயமும் பட்டினியும் சேர்ந்தால், உள்ளே அடங்கிக் கிடந்த கிருமி அந்தப் பயணத்தில்தான் தலைதூக்கி எச்சத்தில் வெளியேறத் தொடங்கும். வேறு இனப் பறவையோடு ஒரே பெட்டியில் அனுப்ப ஒத்துக்கொள்ளாதீர்கள்.

படி 5: இறங்கும் இடம்

விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையம் உள்ள ஊர்கள் வழியாகத்தான் கொண்டுவர முடியும்: டெல்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஹைதராபாத். சென்னைக்கான நிலையம் பள்ளிக்கரணையில் இருக்கிறது. விமானம் எப்போது வருகிறது என்று முன்பே அவர்களுக்குத் தெரிவித்துவிடுங்கள். பாங்காக்கிலிருந்து காகிதம் இல்லாமல் பெட்டிக்குள் வரும் உயிர்களைச் சென்னை சுங்கத்துறை பிடித்து, வந்த நாட்டுக்கே திருப்பி அனுப்பும் செய்தியை அடிக்கடி படிக்கிறோம். ஒரே நாளில் இரண்டு விமானப் பயணம் அந்தச் சின்ன உடம்புக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தாலே மனசு பதறுகிறது.

படி 6: வீட்டில் 30 நாள் தனிக்கூண்டு

அரசு நிலையத்திலிருந்து வந்தாலும் சரி, பக்கத்துத் தெருவில் வாங்கினாலும் சரி, இதை விடாதீர்கள். ஏற்கெனவே பறவை இருக்கும் வீடு என்றால் புதிதாக வந்தது வேறு அறையில், வேறு கிண்ணத்தோடு. முதலில் பழைய பறவைக்குத் தீனி, கடைசியில்தான் புதியதற்கு. இந்த வரிசை மாறினால் உங்கள் கைதான் கிருமியைச் சுமந்து போகும்.

தினமும் காலையில் தீனி வைக்கும் முன், சமையலறைத் தராசில் ஒரு சின்னக் கம்பை வைத்து அதன் மேல் ஏற்றி எடை பாருங்கள். சன் கோன்யூர் என்றால் 100 முதல் 120 கிராம். இறகை உப்பி வைத்திருப்பதால் மெலிந்தது கண்ணுக்குத் தெரியாது, தராசுதான் காட்டிக்கொடுக்கும். வந்த அன்றிருந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் அன்றைக்கே மருத்துவரிடம் போங்கள். எச்சத்துக்கு வெள்ளைக் காகிதம் விரித்து வையுங்கள், பச்சை தூக்கலாகவோ தண்ணீராகவோ போனால் உடனே தெரியும்.

காய்ந்த எச்சத்தைத் துடைப்பத்தால் கூட்டவே கூடாது. தண்ணீர் தெளித்து, நனைந்த பிறகு, முகக்கவசம் போட்டுக்கொண்டு துடைத்தெடுங்கள். கிளிக் காய்ச்சல் கிருமி அந்தத் தூசி வழியாகத்தான் மனித நுரையீரலுக்குள் போகிறது. 1929-30-இல் தென் அமெரிக்காவிலிருந்து வந்த கிளிகளால் இந்தக் காய்ச்சல் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பரவி உயிர்களைப் பறித்தது. அமெரிக்கா அப்போது கிளி இறக்குமதியையே நிறுத்தியது. இந்த 30 நாளில் உங்களுக்குக் காய்ச்சலோ வறட்டு இருமலோ வந்தால், வீட்டில் புதுக் கிளி இருப்பதை மருத்துவரிடம் நீங்களாகவே சொல்லுங்கள், அவராகக் கேட்க வாய்ப்பு குறைவு. பறவைக்குக் கிளிக் காய்ச்சலுக்கும், அலகு-இறகு நோய்க்கும் பி.சி.ஆர். சோதனை இருக்கிறது. முடிவு வந்த பிறகு கூண்டுகளைப் பக்கத்தில் வையுங்கள்.

படி 7: இறந்துவிட்டால்

அழுகையாக வரும், தெரியும். ஆனால் உடனே கொல்லையில் புதைத்துவிடாதீர்கள். கையுறை போட்டு, இறகை ஈரத்துணியால் நனைத்து, இரண்டு பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து, ஐஸ் கட்டிகளுக்கு நடுவே பெட்டியில் வையுங்கள். ஃப்ரீசரில் உறைய வைத்தால் திசுக்கள் சிதைந்து சரியாகப் பார்க்க முடியாமல் போகும். அன்றோ மறுநாளோ கால்நடை மருத்துவமனையில் பிரேதப் பரிசோதனைக்குக் கொடுங்கள். அந்த அறிக்கையோடு பரிவேஷ் தளத்தில் இறப்பைப் பதிவு செய்யுங்கள். கூடவே, அந்தப் பறவையை விற்றவருக்கும் ஒரு போன் போட்டுவிடுங்கள், அதே கூட்டத்திலிருந்து வாங்கிப் போன வேறு வீடுகளும் இருக்கும்.