பிரதிவாதி வெளி மாநிலத்துல இருந்தா சம்மன் சர்வ் பண்றது எப்படி

கேஸ் மதுரை கோர்ட்ல, பிரதிவாதி புனேலன்னு வச்சுக்கோங்க. நம்ம அமீனா அங்க போய் சம்மன் குடுக்க முடியாது. சிபிசி (சிவில் கேஸ் நடத்துறதுக்கான நடைமுறைச் சட்டம்) ஆர்டர் 5 ரூல் 21 படி நம்ம கோர்ட் சம்மனை அந்த ஊர் கோர்ட்டுக்கு அனுப்பும், அவங்க அதை தாங்களே போட்ட சம்மன் மாதிரி எடுத்துக்கிட்டு சர்வ் பண்ணி என்ன நடந்துச்சுன்னு எழுதி திருப்பி அனுப்பணும். மாநிலம் தாண்டுறதால செக்‌ஷன் 28-ம் வரும், ரிப்போர்ட் மராத்தில இருந்தா இந்தி இல்ல இங்கிலீஷ் மொழிபெயர்ப்பும் கூடவே வரணும்.

இந்த ஒரு வழியை மட்டும் நம்பி உக்காந்தா வாய்தா மேல வாய்தாதான். பேட்டா (சம்மன் அனுப்புற செலவுக்கு கட்டுற பணம்) கட்டும்போதே கோர்ட் மூலமாவும் ஒப்புகை அட்டையோட ரிஜிஸ்டர் தபால்லயும் (2025-ல இது ஸ்பீட் போஸ்ட்டோட இணைஞ்சுடுச்சு) அனுப்பச் சொல்லி கேட்ருங்க. தபால்ல ஒரு வசதி இருக்கு, விலாசம் சரியா இருந்து முறையா அனுப்பியிருந்தா, சம்மன் போட்ட தேதிலருந்து 30 நாளுக்குள்ள அட்டை திரும்பி வரலன்னாலும் சர்வ் ஆனதா கோர்ட் எடுத்துக்கலாம், ரூல் 9(5). வாங்க மறுத்துட்டார்னு தபால்காரர் எழுதி வந்தாலும் அதே கணக்குதான். ஆனா "இந்த விலாசத்துல இப்படி ஒரு ஆள் இல்லை"ன்னு வந்துச்சுன்னா மறுபடி முதல்லருந்து.

அதனால விலாசத்துலதான் உசுரே இருக்கு. ஃப்ளாட் நம்பர், பின்கோடு, எந்த போலீஸ் ஸ்டேஷன் எல்லை, மொபைல் நம்பர், ஆபீஸ் விலாசம் தெரிஞ்சா அதுவும், எல்லாம் போடுங்க. பிளைன்ட் (நீங்க போட்ட வழக்கு மனு) தமிழ்ல இருந்தா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு ஒண்ணு சேர்த்துடுங்க, புரியலன்னு சொல்லி இழுக்க இடம் குடுக்காதீங்க.

அவசரம்னா ரூல் 9ஏ-ல மனு போட்டு சம்மனை நீங்களே கையில வாங்கிட்டுப் போய் குடுக்கலாம், கையெழுத்து கண்டிப்பா வாங்கணும், அவர் போட மாட்டேன்னுட்டா கோர்ட்ல சொல்லி திரும்ப கோர்ட் மூலமாவே அனுப்ப வைக்கணும்.

சம்மன் சர்வ் ஆகாம ரிட்டர்ன் வந்துச்சா, 7 நாளுக்குள்ள புது சம்மனுக்கு மனு போட்ருங்க. சும்மா இருந்தா ஆர்டர் 9 ரூல் 5-ல கேஸே தள்ளுபடி ஆகலாம், நிறைய பேர் கோட்டை விடுறது இங்கதான். ஆள் வேணும்னே தலைமறைவா சுத்துறார்னு கோர்ட்டுக்கு நம்பிக்கை வந்தா ஆர்டர் 5 ரூல் 20-ல பேப்பர்ல விளம்பரம் குடுக்கச் சொல்லும், அது அவர் கடைசியா இருந்த ஊர்ல ஓடுற பேப்பரா இருக்கணும், புனேக்காரருக்கு மதுரை எடிஷன்ல விளம்பரம் போட்டு என்ன புண்ணியம்?

பிரதிவாதி ஜெயில்ல இருந்தா ஜெயில் அதிகாரி வழியா போகும். வெளிநாடுன்னா 1965 ஹேக் ஒப்பந்தத்துல (நாடு விட்டு நாடு கோர்ட் ஆவணம் அனுப்புறதுக்கானது) அந்த நாடு இருக்கான்னு முதல்ல பாருங்க, இந்தியாவுக்கு அது 2007-லருந்து அமல்ல இருக்கு. கிரிமினல் கேஸ்னா ரூட்டே வேற, பிஎன்எஸ்எஸ் (கிரிமினல் கேஸ் நடத்துறதுக்கான புது நடைமுறைச் சட்டம்) செக்‌ஷன் 69 படி சம்மன் ரெண்டு காப்பியா அந்த ஊர் மாஜிஸ்ட்ரேட்டுக்குப் போகும்.

தபால் டெலிவரி ஆனதும் ட்ராக்கிங் பிரின்ட்-அவுட்டை அன்னைக்கே எடுத்து அஃபிடவிட்டோட ஃபைல் பண்ணிடுங்க, அந்த விவரம் சைட்ல ரொம்ப நாள் நிக்காது.