ஊருக்குப் போய் இறைச்சி சுடுவதென்றால்

பெரியம்மா வீட்டு முற்றத்தில் கம்பித் தட்டைக் கழுவிக் காயவைத்துவிட்டு, கோழிக்குத் தூள் பூசிக்கொண்டிருந்தேன். திண்ணையில் இருந்த பெரியம்மா மெதுவாகக் கேட்டார்: "பிள்ளை, இண்டைக்கு என்ன கிழமை?"

வெள்ளிக்கிழமை. ரொறன்ரோவில் வேலை முடிந்து வரும் வெள்ளி இரவில்தான் நாங்கள் இறைச்சி சுடுவோம். அந்தப் பழக்கத்தில் கிழமையை நினைத்துப் பார்க்கவே இல்லை. பெரியம்மா வேறெதுவும் சொல்லவில்லை. தன்னுடைய சைவச் சட்டிகளை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். கோழியை மூடி ஃபிரிட்ஜுக்குள் வைத்து, சனிக்கிழமை பின்னேரம் சுட்டோம்.

எப்படிச் சுடுவதென்று வெளிநாட்டில் இருக்கிற நம் எல்லோருக்கும் தெரியும். எந்த நாளில், எந்த நெருப்பில், யாரோடு என்பதைத்தான் தெரியாமல் போய் இறங்குகிறோம். யாழ்ப்பாணத்தையும் அதைச் சுற்றியுள்ள இடங்களையும் மனதில் வைத்து, சில வருடங்களாகப் போய் வந்ததில் கற்றுக்கொண்டவற்றை எழுதுகிறேன்.

முதலில் நாள்

வந்த அன்றே வீட்டுப் பெரியவரிடம் "எப்ப மச்சம் சமைக்கலாம்?" என்று கேட்டுவிடுங்கள். பல சைவ வீடுகளில் செவ்வாயும் வெள்ளியும் மச்சம், அதாவது மீன், இறைச்சி, கிடையாது. ஆடி அமாவாசைக்கு ஆறாம் நாள் நல்லூர்க் கந்தசாமி கோயிலில் கொடியேறினால், ஆவணி அமாவாசைத் தீர்த்தம் வரை 25 நாள் திருவிழா. பிள்ளைகளின் கோடை விடுமுறைக்கு நம்மில் பெரும்பாலானோர் போய்ச் சேர்வதும் அதே நாட்களில்தான். அந்த 25 நாளும் சைவமாக இருக்கும் வீடுகள் உண்டு. தேருக்கும் தீர்த்தத்துக்கும் மட்டும் விடுகிற வீடுகளும் உண்டு. இதைத் தவிர ஊர்க் கோயில் திருவிழா, வீட்டில் யாருடையதாவது திவசம், கத்தோலிக்க வீடென்றால் தவக்கால வெள்ளி என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கணக்கு இருக்கும். ஆகவே, பயணச்சீட்டு எடுக்கும்போதே அந்த வருடத்துக் கொடியேற்றம் எப்போது என்று பார்த்துக்கொள்வது நல்லது.

போயா நாளையும் மறக்காதீர்கள். ஒவ்வொரு பௌர்ணமியும் இலங்கையில் விடுமுறை. அன்று இறைச்சிக் கடை பூட்டு, மதுபானக் கடையும் பூட்டு. பௌத்தர்களின் வெசாக் பண்டிகைக் காலத்தில் இந்தத் தடை கூடுதலான நாட்களுக்கு நீளும்.

கடையில் சாப்பிடுவதென்றால்

யாழ் நகரில் பொழுதுபட்டதும் கண்ணாடிப் பெட்டிக்குள் கோழி சுழன்றுகொண்டிருக்கும் கடைகளைப் பார்க்கலாம். அங்கே முழுக்கோழி, அரை, கால் என்ற கணக்கில் வாங்குவார்கள். நெஞ்சுப் பகுதி நேரம் போகப் போகக் காய்ந்துவிடும், அதனால் நான் எப்போதும் தொடைப் பக்கத்தைத்தான் கேட்பேன். விடுதிகளில் சனிக்கிழமை பார்பிக்யூ என்று பலகை வைத்திருந்தாலும், ஆட்கள் சேர்ந்தால்தான் அடுப்பு மூட்டுவார்கள். முதல் நாளே ஃபோன் அடித்துக் கேளுங்கள். லண்டனில் போல இரவு ஒன்பது மணிக்குச் சாப்பிடப் போகவும் கூடாது. யாழ்ப்பாணம் நேரத்தோடு நித்திரைக்குப் போகிற ஊர். ஏழு, ஏழரைக்கு மேசையில் இருந்தால் நெருப்பும் புதிது, இறைச்சியும் புதிது.

கோழி வெந்திருக்கிறதா என்று எலும்போரம் பிரித்துப் பாருங்கள். ஒரு தடவை கடையொன்றில் தொடை எலும்பைச் சுற்றி இறைச்சி பச்சையாக, வழுவழுவென்று இருந்தது. பசி, நேரமும் போய்விட்டது, பேசாமல் சாப்பிட்டோம். மகள் இரண்டு நாள் எழும்பவில்லை. கொழும்பு போகும் பயணத்தையே தள்ளிவைக்க வேண்டியதாயிற்று. இப்போதெல்லாம் "அண்ணை, இதை இன்னும் கொஞ்சம் சுட்டுத் தாங்கோ" என்று திருப்பிக் கொடுக்கிறேன். ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

பெரிய இடங்களில் விலைப்பட்டியலில் உள்ள தொகைக்கு மேல் சேவைக் கட்டணம் 10 வீதமும் வற் (VAT) வரியும் சேரும். வற் 2024 ஜனவரியிலிருந்து 18 வீதம். பத்துப் பேராகப் போகும்போது இந்த வித்தியாசம் சின்னத் தொகையாக இருக்காது.

மாட்டிறைச்சி வேண்டுமென்றால் ஐந்துசந்திப் பக்கம் முஸ்லிம் கடைகளில் விசாரிக்கலாம். ஆனால் அதைப் பொதியாகக் கட்டிக்கொண்டு சொந்தக்காரர் வீட்டுக்குப் போகுமுன் ஒரு வார்த்தை கேளுங்கள். ஆடும் கோழியும் சாப்பிடுகிற பல வீடுகளில் மாட்டிறைச்சி வாசல் தாண்டி வராது.

திருகோணமலைப் பக்கம் போகிறவர்களுக்கு உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரைகள் இருக்கின்றன. ஐஸில் அடுக்கிய மீனைக் காட்டி எதைச் சுட வேண்டும் என்று கேட்பார்கள். நிறுத்து விலை சொன்ன பிறகே தலையாட்டுங்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். வன்னிப் பக்கம் போனால் "மான் இறைச்சி இருக்கு, மரை இருக்கு" என்று யாராவது அன்போடு கேட்பார்கள். 1937ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத்தின்படி இவற்றைக் கொல்வதும் விற்பதும் குற்றம். சாப்பிட்டுவிட்டு நாம் விமானம் ஏறிவிடுவோம். பிடிபட்டால் நீதிமன்றத்துக்கு அலைவது அங்கே இருக்கிறவர்தான். வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இறைச்சி வாங்குவது

வீட்டில் சுடுவதுதான் என் விருப்பம். அதற்கான வேலை விடியற்காலையில் தொடங்குகிறது. இறைச்சிக் கடையில் காலையில் அறுத்ததைக் குளிரூட்டாமல் அன்றைக்கே விற்று முடிப்பார்கள். ஆறரை, ஏழு மணிக்குப் போய் வாங்கி, உடனே வீட்டுக்குக் கொண்டுவந்து குளிரில் வையுங்கள். பதினொரு மணி வெயிலில் தொங்கியதை வாங்காதீர்கள்.

கடைக்காரருக்கு ஆட்டிறைச்சி என்றால் கறிதான். நீங்கள் "ரெண்டு கிலோ" என்று வாயெடுத்ததும் கத்தி இறங்கிவிடும். எலும்பும் சதையுமாகச் சின்னத் துண்டுகளாகப் பையில் வந்து விழும். அதைக் கம்பித் தட்டில் வைக்கவே முடியாது. ஆகவே தராசைப் பார்ப்பதற்கு முன்பே சொல்லுங்கள்: "அண்ணை, கறிக்கு வெட்டாதேங்கோ. தொடையை முழுசாத் தாங்கோ. விலாவைப் பட்டையா விடுங்கோ." முதலில் விசித்திரமாகப் பார்ப்பார். சுடுவதற்கு என்று சொன்னால் அவரே நல்ல தொடையைத் தேடித் தருவார். ஊரில் பங்கு போடுகிறார்கள் என்றால் இன்னும் நல்லது. நாலைந்து வீடு சேர்ந்து ஒரு கிடாயை வாங்கி அறுத்துப் பங்கு பிரிப்பார்கள். முதல் நாளே சொல்லிவைத்தால் உங்கள் பங்கை வெட்டாமல் தருவார்கள்.

ஊர் ஆடு நடந்து மேய்ந்த ஆடு. கொழுப்பு குறைவு, சதை இறுக்கம். கனடாவில் வாங்கும் செம்மறிக் குட்டியின் இறைச்சியைப்போல நினைத்து நெருப்பில் போட்டால் பல்லுக்குத்தான் வேலை. மேலே இருக்கும் வெள்ளைச் சவ்வை உரித்தெடுத்து, நாருக்குக் குறுக்காக ஓரங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். வளவில் பப்பாசி மரம் இருக்கும். பச்சைக் காயைத் தோலோடு அரைத்து, கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டி பிரட்டி, இரண்டு மணி நேரம் வைத்தால் போதும். இரவு முழுக்க விட்டால் சதை கூழாகிவிடும். முற்றின ஆடு என்று தெரிந்தால் தயங்காமல் குக்கரில் பாதி அவித்து, கடைசியில் பத்து நிமிடம் நெருப்பில் வாட்டி எடுங்கள். ஊர்க்கோழிக்கும் இதே முறைதான். நேரே சுடுவதற்கு புரொய்லர் கோழியே உகந்தது.

தூள் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. யாழ்ப்பாணத்துத் தூள் ஏற்கனவே வறுத்து இடித்தது. அதை அப்பிவிட்டுத் தணலில் வைத்தால் கறுத்துக் கசக்கும். உள்ளி, இஞ்சி, மிளகு, பெருஞ்சீரகம், உப்பு, கட்டித் தயிர், கொஞ்சம் மஞ்சள் ஆகியவற்றை அரைத்துப் பூசி, கறித்தூளைக் கிலோவுக்கு ஒரு மேசைக்கரண்டிக்கு மேல் போடாமல் விடுங்கள். உறைப்பு போதாதவர்களுக்குச் சம்பல் இருக்கிறது. தேசிக்காயை இறக்கிய பிறகு பிழியுங்கள்.

நெருப்பு

ஊரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நாம் வெளிநாட்டில் பணம் கொடுத்துப் பையில் வாங்கும் கரியை விட நல்ல கரி ஊரில் கோடிப்புறத்தில் கிடக்கிறது. சிரட்டைக் கரி சூடு அதிகம், புகை குறைவு. சிரட்டைகளை வெறுமனே எரித்து, சுவாலை அடங்கித் தணலாகும்வரை பொறுத்தாலே போதும். பனங்கொட்டையைப் பிளந்து உள்ளிருக்கும் பூரானை (வெள்ளைப் பருப்பை) எடுத்த பிறகு மிஞ்சும் ஊமல் இன்னும் நின்று எரியும். பெரியம்மாவின் காலத்தில் அந்த ஊமற்கரியால்தான் பல் தீட்டினார்களாம். மூட்டுவதற்குக் காய்ந்த பன்னாடையும் தேங்காய்ப் பொச்சும் போதும். மண்ணெண்ணெய் ஊற்றினால் அந்த மணம் இறைச்சியில் ஏறும்.

அடுப்புக்கு இரண்டு வரிசை சீமெந்துக் கல், மேலே கம்பித் தட்டு. தட்டை வெல்டிங் கடையில் ஒரு நாளில் செய்து தருவார்கள். சாதாரண இரும்புக் கம்பியில் கேளுங்கள். வேலிக்கு அடிக்கும் கல்வனைஸ் வலையை வெட்டிப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அதிலுள்ள நாகப் பூச்சு சூடேறினால் நச்சுப் புகை வரும். புதுத் தட்டை முதல் நாள் வெறும் நெருப்பில் ஒரு முறை காய்ச்சி, தேய்த்துக் கழுவுங்கள். தணலுக்கும் தட்டுக்கும் இடையில் ஒரு சாண் இருக்கட்டும்.

ஆடி, ஆவணியில் சோளகக் காற்று வீசும். தென்மேற்கிலிருந்து வருகிற அந்தக் காற்றில் ஒரு பொறி பறந்து கிடுகு வேலியிலோ பனையோலை வேலியிலோ விழுந்தால் அவ்வளவுதான். வீட்டுச் சுவரைக் காற்றுக்கு மறைப்பாக வைத்து, வேலியிலிருந்து தள்ளி, கிணற்றடிக்குக் கிட்ட அடுப்பை வையுங்கள். ஒரு வாளி தண்ணீர் பக்கத்தில் நிற்கட்டும். மாரியில் போகிறவர்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழைதான் தடை. அப்போது தாழ்வாரம் இல்லாமல் சரிவராது.

முகமாலை, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் காணி உள்ளவர்கள் இதைக் கவனமாக வாசியுங்கள். நீண்ட நாள் பாவனையில் இல்லாத நிலத்தில் நேரே தரையில் தீ மூட்டாதீர்கள், கிடங்கு வெட்டாதீர்கள். குப்பைக்குத் தீ வைத்தபோது மண்ணுக்குள் கிடந்த வெடிபொருள் வெடித்து ஆட்கள் காயப்பட்டிருக்கிறார்கள். வீட்டுக்காரர் வழக்கமாக அடுப்பு மூட்டும் இடத்தில், கல்லின் மேல் உயர்த்தி வையுங்கள். பிள்ளைகளைப் பற்றைப் பக்கம் சுள்ளி பொறுக்க அனுப்பாதீர்கள்.

சுவாலை அடங்கி, தணலின் மேல் வெள்ளைச் சாம்பல் படிந்ததும் அதை ஒரு பக்கமாக ஒதுக்குங்கள். தணலுக்கு மேலே நிறம் பிடிக்கட்டும், மற்றப் பக்கத்தில் மெதுவாக வேகட்டும். கோழித் தொடைக்கு முக்கால் மணி நேரம் ஒதுக்குங்கள். இறைச்சிக்குள் குத்திப் பார்க்கும் சின்ன வெப்பமானி ஒன்றைக் கொண்டுபோனால் சந்தேகமே இல்லை, எலும்போரம் 74 பாகை செல்சியஸ் காட்ட வேண்டும். கூரான சுடும் கம்பிகளைக் கொண்டுபோவதென்றால் பெரிய பெட்டிக்குள் போடுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். குருநகரிலோ பாசையூரிலோ கணவாய் கிடைத்தால் கடைசியில் கூடின சூட்டில் பக்கத்துக்கு இரண்டு நிமிடம் மட்டும் வாட்டுங்கள். அதற்கு மேல் போனால் ரப்பர்.

சாப்பாடு

பேக்கரிப் பாணை அதே தட்டில் வாட்டலாம். இடித்த சம்பல், சின்ன வெங்காயத்தை அரிந்து தேசிக்காய்ப்புளி விட்டது, வெள்ளரிக்காய்ப் பச்சடி இவை போதும். பிட்டும் வேண்டும் என்று நீங்கள் சொன்னால் மாமி மறுக்கமாட்டார். ஆனால் அன்று முழுக்க அவர் குசினிக்குள்தான் நிற்பார். நாம் முற்றத்தில் நெருப்பைச் சுற்றிக் கதைத்துக்கொண்டிருக்க, உள்ளே இரண்டு பெண்கள் வெங்காயம் உரிப்பதும் கோப்பை கழுவுவதுமாக இருந்தால் அது எந்த விருந்து? வெங்காயத்தையும் பலகையையும் முற்றத்துக்குக் கொண்டுவாருங்கள். சுட்டவர்களே கழுவட்டும். முதல் தட்டு இறங்கியதும் பக்கத்து வீட்டுக்கும், காலையில் தேங்காய் பிடுங்கித் தந்தவருக்கும் ஒரு பங்கு போகட்டும்.

மச்சம் சாப்பிடாதவர் வீட்டில் இருப்பார். எங்கள் வீட்டில் பெரியம்மா. ஆவணி பனம்பழக் காலம். தட்டில் இறைச்சி படுவதற்கு முன்பே, புதுத் தணலில் இரண்டு பனம்பழத்தைப் போட்டுப் புரட்டுங்கள். தோல் கறுத்து, பிளந்து, மணம் முற்றமெங்கும் பரவும். அதை எடுத்து வாழையிலையில் வைத்து, தோலை உரித்து அவர் கையில் கொடுங்கள். பெரியம்மா கொட்டையைச் சூப்பிச் சாப்பிடுவதைப் பார்த்து என் மகளும் ஒன்று கேட்டாள். நாடியெல்லாம் மஞ்சளாக, நார் பல்லில் சிக்கி நிற்க, கோழி வெந்துவிட்டது என்று கூப்பிட்டும் அவள் திண்ணையை விட்டு எழும்பவில்லை.