‘எல்லாம் தயார் சார்’: இளம் ராணுவ அதிகாரிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரங்கிமலை, டேராடூன் ராணுவ அகாடமிகளிலிருந்து புதிய லெப்டினன்ட்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். சுபேதாராக (ஜவானாகச் சேர்ந்து உயரும் பதவி) ஓய்வு பெற்றுக் குன்னூர் பக்கம் குடியிருக்கும் எனக்கு அவர்களில் சிலரோடு பேச வாய்க்கிறது. எங்கள் காலத்துத் தவறுகளையே, ஏதோ புதுமை செய்வதுபோல் செய்துகொண்டிருக்கிறார்கள். சல்யூட் சரியில்லை, வரைபடம் படிக்கத் தெரியவில்லை என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். அவற்றைத் திருத்த ஆள் இருக்கிறது.

சுபேதாரைக் கேட்காமல் முடிவெடுப்பது

பிளாட்டூனில் முப்பது பேருக்குமேல் இருப்பார்கள். யார் மனைவிக்கு இது பிரசவ மாசம், யார் வீட்டில் நிலத்தகராறு, லீவு கிடைக்காமல் யார் பொருமிக்கொண்டிருக்கிறார் என்பதெல்லாம் சுபேதாருக்குத் தெரியும். கேளுங்கள். கேட்ட பிறகு முடிவை நீங்களே எடுங்கள். ‘சாப் (சுபேதார்) பார்த்துக்கொள்வார்’ என்று எல்லாவற்றையும் அவர் தலையில் கட்டுவதும் இதே தவறின் மறுபக்கம்தான்.

ஜவான்களோடு அளவுமீறிய தோழமை

வாலிபால் ஆடலாம். கைமாற்று வாங்கக்கூடாது.

‘எல்லாம் தயார் சார்’

இதை நினைத்தால் இன்றும் ஆத்திரம் வருகிறது.

உயரமான மலைப்பகுதிக்குப் போகும் படை, உடலைப் பழக்கிக்கொள்ள விதி இருக்கிறது. 9,000 அடிக்கு மேல் 6 நாள், 12,000 அடியைத் தாண்டினால் 4 நாள், 15,000 அடியைத் தாண்டினால் இன்னும் 4 நாள். ஒருமுறை நாங்கள் இரண்டாம் கட்டத்தில் இருந்தோம். மேலே காவல் போஸ்ட்டில் ஆள் மாற்ற வேண்டும், ஒரு நாள் முன்னதாகப் புறப்பட முடியுமா என்று கர்னல் தரப்பிலிருந்து வயர்லெஸ்ஸில் கேட்டார்கள். கேட்டார்கள், அவ்வளவுதான், உத்தரவு போடவில்லை. எங்கள் இளம் அதிகாரி யோசிக்கவே இல்லை. “எல்லோரும் ஃபிட். தயார் சார்.”

அப்போது ஒரு பையன் முந்தின இரவிலிருந்தே இருமிக்கொண்டிருந்தான். பிய்த்த சப்பாத்தி தட்டிலேயே காய்ந்து கிடந்தது. பூட்ஸ் கயிறு கட்டக் குனிந்தவன் நிமிரும்போது மூச்சு வாங்கினான். அதிகாரியிடம் சொன்னேன். “நடந்தால் சரியாகிவிடும் சாப்” என்றார். மேலே போன அன்றிரவே அவன் நெஞ்சில் கொறகொறவென்று சத்தம். நுரையீரலில் நீர் கோத்துவிட்டது. ஆக்சிஜன் வைத்து, இருட்டில் நான்கு பேர் ஸ்ட்ரெச்சரில் கீழே தூக்கிக்கொண்டு போனார்கள். பையன் பிழைத்துவிட்டான். ஆனால், ஒரு நாளை மிச்சம் பிடிக்கப் போய், போஸ்ட்டில் ஐந்து பேர் குறைந்ததுதான் பலன்.

அந்த அதிகாரி கோழை அல்ல. குண்டுக்கு முன்னால் நிற்கக்கூடியவர்தான். கர்னலிடம் ‘முடியாது’ என்று சொல்லத்தான் பயம். சொல்லியிருந்தால் கர்னல் வேறு பிளாட்டூனை அனுப்பியிருப்பார், அவ்வளவே.

1971 ஏப்ரலில், கிழக்கு வங்கத்துக்குள் உடனே போக வேண்டும் என்று பிரதமர் இந்திரா காந்தி விரும்பியபோது, படை இப்போது தயாராக இல்லை என்று ராணுவத் தலைமைத் தளபதி மானெக்‌ஷா மறுத்துவிட்டார். பின்னாளில் அவரே சொன்ன செய்தி இது. வெறும் மறுப்பு அல்ல: மழைக்காலம் வந்தால் ஆறுகள் பெருகும், பனி விழும்வரை இமயக் கணவாய்கள் வழியாகச் சீனா வரலாம், டாங்கிகள் போதாது என்று காரணங்களை அடுக்கினார். டிசம்பர் 3 அன்று போர் மூண்டது. 16ஆம் தேதி டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. பிரதமரிடமே அப்படிச் சொல்ல முடிந்ததென்றால், ஒரு லெப்டினன்ட் தன் கர்னலிடம் சொல்வதற்கு என்ன? எத்தனை பேருக்கு முடியவில்லை, என்ன குறைகிறது, எப்போது தயாராவோம் என்ற மூன்றையும் சொன்னால் எந்தக் கமாண்டரும் முகம் சுளிக்க மாட்டார்.

டேராடூன் அகாடமியின் செட்வுட் மண்டபத்தில் பொறித்திருப்பதன்படி நாடு முதலில், உன் ஆட்கள் அடுத்து, உன் சௌகரியம் கடைசியில். மேலிடத்தில் நல்ல பெயர் வாங்குவதும் அந்தக் கடைசிக் கணக்கில்தான் சேரும். மனப்பாடமாக ஒப்பிக்கும் பிள்ளைகளுக்கு இது மட்டும் உறைப்பதில்லை.

ஹவில்தாரை அவர் ஆட்கள் முன்னால் திட்டுவது

மறுநாள் அவருக்குக் கீழுள்ள பத்துப் பேரையும் நீங்களே மேய்த்துக்கொள்ளுங்கள்.

பாதம் பார்க்காமல் படுக்கப் போவது

நெடுநடை முடிந்ததும் ‘எப்படி இருக்கிறாய்?’ என்று கேட்டால் ‘டீக் ஹை சாப்’ (நன்றாக இருக்கிறேன்) என்றுதான் பதில் வரும். நீங்கள் கர்னலிடம் சொல்லும் ‘தயார் சார்’ மாதிரிதான் அதுவும். டார்ச்சை எடுத்துக்கொண்டு போய், சாக்ஸைக் கழற்றச் சொல்லிப் பாருங்கள்.