ஜெபம் பண்ணவே வாய் வரலன்னா என்ன செய்யறது? நான் செஞ்சு பார்த்தது

மலேசியாவுல, பினாங்கு பிறை பக்கம் ஒரு ஃபேக்டரியில 14 வருஷம் வேலை, ஒருநாள் ஆளைக் குறைக்கிறோம்னு லெட்டர் குடுத்துட்டாங்க, அதே நேரத்துல அப்பாவுக்கு கிட்னி போயி வாரம் மூணு தடவை டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நாலு மணி நேரம். சர்ச்ல பாக்கறவங்க எல்லாம் "விசுவாசத்தோட இருங்க பிரதர்"னு சொல்லிட்டு போயிடுவாங்க. எப்படி இருக்கறதுன்னு மட்டும் யாரும் சொல்லல. அதனால எனக்கு உதவினதை எழுதறேன், இதே மாதிரி மாட்டிக்கிட்டவங்களுக்கு.

மொதல்ல, ஜெபம் வரலன்னா பெரிய ஜெபத்துக்கு போகாதீங்க. பைபிள்ல சங்கீதம் 13 எடுங்க, ஆறே வசனம், ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்"னு ஆரம்பிக்குது, எதுவரைக்கும் எதுவரைக்கும்னு திரும்பத் திரும்ப கேக்கறாரு தாவீது. சண்டை போடற மாதிரிதான் இருக்கும். அதை வாய்விட்டு படிங்க, மனசுக்குள்ள இல்ல. நான் டயாலிசிஸ் சென்டர் வெளிய காடிக்குள்ள (கார்தான்) கண்ணாடிய ஏத்திக்கிட்டு படிப்பேன், சில நாள் கத்துவேன், பக்கத்து காடிக்காரன் நான் போன்ல பொண்டாட்டி கூட சண்டை போடறேன்னு நினைச்சிருப்பான். 13 கடைசியில துதியில முடியும், அந்த அளவுக்கு கூட மனசு வரலன்னா சங்கீதம் 88க்கு போங்க. அதுல கடைசி வரைக்கும் ஆறுதலே கிடையாது, தெரிஞ்சவங்க எல்லாம் மறைஞ்சு போயிட்டாங்கன்னு முடிஞ்சிடும். அப்படி ஒரு புலம்பலையும் பைபிள்லயே வெச்சிருக்காங்கன்னா, ஆண்டவர்கிட்ட முறையிடறது விசுவாசக் குறைவு இல்லன்னுதானே அர்த்தம்? இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்குதான் எனக்கு மூச்சே வந்துச்சு.

அடுத்தது சாப்பாடும் தூக்கமும். சிரிக்காதீங்க. பைபிள்ல 1 இராஜாக்கள் 19ல எலியா தீர்க்கதரிசி சூரைச்செடி கீழ உக்காந்து போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கும்னு சொல்றாரு. தூதன் வந்து பிரசங்கம் பண்ணல. தட்டி எழுப்பி தழல்ல சுட்ட அடையும் தண்ணியும் குடுத்தான், தின்னுட்டு மறுபடி தூங்கினாரு, மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. அப்புறம்தான் 40 நாள் நடை. நான் அப்போ வெறும் கோப்பி ஓ (பால் இல்லாத காப்பி) குடிச்சுக்கிட்டு உபவாசம்னு எனக்கே பேர் வெச்சுக்கிட்டேன், அது உபவாசம் இல்ல, பசியாற மனசில்லாம கிடந்தது அவ்ளோதான்.

ஆளுங்ககிட்ட உதவி கேக்கும்போது "எங்களுக்காக ஜெபிச்சுக்குங்க"ன்னு மட்டும் சொல்லி நிறுத்தாதீங்க. வேலைய குடுங்க. வியாழக்கிழமை அப்பாவ ஏத்திட்டு வர முடியுமா ஆண்ட்டி, பிள்ளைய ஸ்கூல்லேர்ந்து கூட்டிட்டு வர முடியுமா அண்ணன். செல் குரூப்ல (வீடுகள்ல கூடற சர்ச் சின்னக் குழு) நிறைய பேருக்கு செய்ய ஆசை, என்ன செய்யறதுன்னுதான் தெரியாது. பைபிள்ல எல்லாத்தையும் இழந்து நின்ன யோபுவோட கூட்டாளிங்க மொத ஏழு நாள் ஒண்ணும் பேசாம தரையில கூட உக்காந்திருந்தாங்க பாருங்க, அதுவரைக்கும் நல்லா இருந்தாங்க, வாயத் தொறந்ததும்தான் வினை. அதே மாதிரி "ஏதோ பாவம் இருக்கு, அதான்"னு சொல்ல வர்றவங்களுக்கு தே (டீ) போட்டு குடுத்து அனுப்பிடுங்க, பதில் சொல்லத் தேவையில்ல. விதை காணிக்கை போடுங்க (பணம் குடுத்தா ஆண்டவர் பெருக்கித் தருவாராம்) அற்புதம் நடக்கும்னு வாட்ஸ்அப்ல வர்றதுக்கு தேயும் வேணாம்.

இங்க மலேசியாவுல வேலை போனவங்க சொக்சோல (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு அமைப்பு) ஈஐஎஸ்க்கு, அதாவது வேலை இழந்தவங்களுக்கான காப்புறுதிக்கு, 60 நாளுக்குள்ள மனு போடணும், நான் கர்த்தர் பார்த்துக்குவார்னு வீட்டுல உக்காந்து 50வது நாள்தான் ஓடினேன். மாத்திரையும் அப்படித்தான், ஜெபிச்சாச்சுன்னு நிறுத்தாதீங்க. வாழவே வேணாம்னு தோணுச்சுன்னா பாஸ்டர்கிட்ட சொல்லுங்க, கூடவே 15555க்கு, மலேசிய சுகாதார அமைச்சோட மனநல உதவி எண்ணான ஹீல் லைனுக்கும் போன் போடுங்க.

எங்கயாவது போயி உக்காரணும்னா பினாங்குல புக்கிட் மெர்தாஜாம் செயின்ட் ஆன்ஸ் கத்தோலிக்க சர்ச். நான் மெதடிஸ்ட், இருந்தாலும் போவேன், அங்க இந்துக்கள் கூடத்தான் வந்து மெழுகுவத்தி ஏத்தறாங்க. ஜூலை கடைசி திருவிழாவுல போகாதீங்க, காடி வைக்கவே இடம் கிடைக்காது, சாதாரண வேலை நாள் சாயங்காலமா போங்க. எதையும் கேக்காம அரை மணி நேரம் உக்காந்துட்டு வாங்க.

பையில பைபிளோட ஒரு பாக்கெட் பிஸ்கட்டும் தண்ணி போத்தலும் வெச்சுக்குங்க. அப்பா டயாலிசிஸ் முடிஞ்சு வெளிய வந்ததும் மொத கேள்வி எனக்குத்தான் வரும், "பசியாறிட்டியா?"ன்னு. இப்பல்லாம் ஆமான்னு உண்மையாவே சொல்ல முடியுது.