தூண்டில் மீன்பிடிப்புக் கலைச்சொற்களைத் திரட்டும் முறை

மொழிபெயர்ப்புப் பாடத்துக்காகப் பொழுதுபோக்கு ஒன்றின் கலைச்சொற்களைத் திரட்ட வேண்டிய, மலேசியாவின் சுங்கை சிப்புட் ஊர் மாணவர்கள், தூண்டில் மீன்பிடிப்பை எடுத்துக்கொள்ளலாம். அகராதியைத் திறக்குமுன் பொருளைப் பார்த்துவிடுங்கள்.

தூண்டில் சாமான் கடையில் ஜோரான் (தூண்டில் கோல்), கெக்கிலி (நரம்பு சுற்றும் உருளை), பெரம்புட் என மலாயில் வழங்குபவற்றைக் கையில் எடுத்து, ஒவ்வொன்றும் செய்யும் வேலையை ஒரு வரியில் எழுதிக்கொள்ள வேண்டும். பெரம்புட் என்பது முதன்மை நரம்புக்கும் (தூண்டில் இழைக்கும்) முள்ளுக்கும் இடையே கட்டப்படும் குட்டையான நரம்பு. கூரிய பல்லுள்ள மீன் கடித்தாலும் அறுந்துவிடாதபடி அதைத் தடித்ததாகவோ கம்பியாகவோ தேர்ந்தெடுப்பார்கள். இந்த விளக்கம் கையில் இருந்தால்தான் ‘இடைநரம்பு’ போன்ற புதிய ஆக்கம் பொருந்துமா என்று தீர்மானிக்க முடியும்.

அடுத்து, தோட்டப்புறத்தில் (எஸ்டேட்டில்) வளர்ந்த பெரியவர்களை அணுகுங்கள். தக்கை (மிதவை), ஈயக்குண்டு, தங்கூசி (நைலான் நரம்பு) போன்ற சொற்கள் அவர்களிடம் உயிரோடு இருக்கக்கூடும். பொருளைக் காட்டி, “இதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள், ஐயா?” என்று மட்டும் கேட்க வேண்டும், சொல்லை நாமே எடுத்துக்கொடுத்தால் மரியாதைக்காக ஆமோதித்துவிடுவார்கள், அது சான்றாகாது.

மீன் பெயர்களுக்கு அறிவியல் பெயரே உறுதியான பிடி. மலாயில் ஹாருவான் என்பது சன்னா ஸ்ட்ரையேட்டா, அதாவது நம் விரால். தோமான் அதே பேரினத்தைச் சேர்ந்த சன்னா மைக்ரோபெல்டிஸ் என்பதால், அதையும் வெறுமனே விரால் என்று எழுதுவது பிழையாகும்.

மலாய்ச் சொற்களை மலேசிய அரசின் மொழி, இலக்கிய நிறுவனமான டேவான் பஹாசா டான் புஸ்தாகாவின் இணைய அகராதியில் சரிபார்க்கலாம். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகள் 1936இல் நிறைவடைந்தன. பழஞ்சொற்களுக்கு அது பெருந்துணை, இன்றைய கருவிகளுக்கு அன்று. ஒவ்வொரு பதிவிலும் சொல் கிடைத்த இடத்தையும் நாளையும் குறித்துவையுங்கள்.